முயலின் செவியில் ஓர் இலக்கம்

மனிதன் ஆநிரைகளைப் பேணத் தொடங்கிய காலத்திலேயே, ஒவ்வொரு பிராணியையும் தனித்தனியே அடையாளங் கண்டுகொள்ள வேண்டிய தேவையும் தோன்றிவிட்டது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், அரசனுடைய பசுக்களுக்குப் பொறுப்பாளனாகிய அதிகாரியின் கடமைகளை வகுத்துரைக்குமிடத்து, கன்று பிறந்து ஓரிரு மாதங்களுக்குள் அதற்குக் குறி இட வேண்டும் என்று கூறுகிறது. அக்குறியோடு, கன்றுக்கு இயற்கையாய் அமைந்த அடையாளம், நிறம், கொம்புகளுக்கு இடையேயுள்ள தொலைவு ஆகியவற்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று விதிக்கிறது. உடலில் ஒரு குறியும், அக்குறியை விளக்கும் ஓர் ஏடும் ஆகிய இரண்டும் சேர்ந்தாலன்றி அடையாளம் முழுமை பெறாது என்னும் உண்மை இதில் அடங்கியிருக்கிறது. இன்று நம் நாட்டுப் பசுக்களும் எருமைகளும் காதில் அணிந்திருக்கும் மஞ்சள் வில்லையும், அதில் பொறிக்கப்பட்டுள்ள 12 இலக்க எண்ணும் இதே தத்துவத்தின் வளர்ச்சியே ஆகும்.

பெருங்கால்நடைகளுக்குக் கிட்டிய இக்கவனம், வீட்டுக் கொல்லையில் வளரும் முயலுக்கு இன்னும் கிட்டவில்லை. ஆயினும் அடையாளத்தின் அவசியம் பசுவைக் காட்டிலும் முயலுக்கே மிகுதி என்று கூறலாம். அதற்குரிய காரணங்களையும், முயலின் செவியில் பச்சை குத்தி இலக்கமிடும் முறையையும், அவ்விலக்கத்தால் வளர்ப்போர் அடையக்கூடிய பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நல்லேப்பிள்ளியின் நிலைமை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த நல்லேப்பிள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் அமைந்த ஊராட்சி. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் எல்லைப்புறம் இது. கறவை மாடும் தென்னையும் நெல்லும் இவ்வட்டத்தின் வாழ்வுக்கு ஆதாரம். இத்தகைய ஊர்களில் சிறிதளவு இடமும், புல்லும், வீட்டுப் பெண்டிரின் ஓய்வு நேரமும் இருந்தால் முயல் வளர்ப்பைத் துணைத் தொழிலாக மேற்கொள்ளலாம். செல்லப் பிராணியாகவும் காட்சிப் பிராணியாகவும் முயலை விரும்பி வாங்குவோர் நகரங்களில் உள்ளனர். இனவிருத்திக்கென்று நல்ல குட்டிகளை நாடுவோரும் உள்ளனர்.

இப்பகுதியில் முயல் வளர்ப்போர் இரண்டு பக்கங்களிலும் விஞ்ஞான நிலையங்களைக் கொண்டிருக்கின்றனர். மேற்கே திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955 இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேரளக் கால்நடை மருத்துவ, விலங்கறிவியல் பல்கலைக்கழகம் 2010 இல் நிறுவப்பட்டபின் அக்கல்லூரி அதன் அங்கமாயிற்று. தென்கிழக்கே கொடைக்கானல் மலையில், இடுக்கி எல்லைக்கு அணித்தாய், மன்னவனூரில் மத்தியச் செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. அங்கு ஆடுகளோடு, வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய முயல் இனங்களும் பேணப்படுகின்றன.

மன்னவனூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ந்த பிரதேசம். நல்லேப்பிள்ளியோ பங்குனி, சித்திரை மாதங்களில் வெப்பம் 40 டிகிரியை எட்டக்கூடிய தாழ்நிலம். முயல் 15 முதல் 25 டிகிரி வரையுள்ள வெப்பத்திலேயே நலமாக வாழும் பிராணி. 30 டிகிரியைக் கடந்தால் அது இளைக்கத் தொடங்குகிறது. கடுங்கோடையில் ஆண் முயல்கள் சில வாரங்களுக்குக் கருவுறச் செய்யும் ஆற்றலை இழப்பதும் உண்டு. ஆயினும் எல்லா முயல்களும் வெப்பத்தை ஒரே அளவில் தாங்குவதில்லை. ஒரே கொட்டகையில் ஒரு பெண் முயலின் குட்டிகள் கோடையிலும் பிழைத்து வளர, மற்றொன்றின் குட்டிகள் மடிந்துபோவதைக் காணலாம். பிழைத்த குட்டிகளின் தாய் எது, தந்தை எது என்று திட்டமாய் அறிந்தால், தாழ்நிலத்துக்கு ஏற்ற வம்சத்தைப் படிப்படியாகத் தெரிந்தெடுக்க முடியும். அறியாவிடில், ஒவ்வோர் ஆண்டும் மலையிலிருந்து புதிய முயல்களை விலைகொடுத்து வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒன்றுபோல் தோன்றும் பிராணிகள்

பசுவை அதன் நிறத்தாலும், கொம்பின் வளைவாலும், நெற்றிச் சுட்டியாலும் உரியவர் எளிதில் அறிவர். முயலின் நிலை அவ்வாறன்று. வெள்ளை ஜயண்ட், நியூசிலாந்து வெள்ளை ஆகிய இனங்களில் எல்லா முயல்களும் தூய வெண்ணிறமும் சிவந்த கண்களும் உடையவை. சோவியத் சின்சில்லாவும் சாம்பல் ஜயண்டும் தத்தம் இனத்துக்குள் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றுவன. கூண்டைக் கொண்டு அடையாளம் காணலாமெனில், கூண்டைக் கழுவும்போதோ, குட்டிகளைப் பால் மறக்கச் செய்து பிரிக்கும்போதோ ஒருமுறை மாறிப்போனால் போதும், அதன்பின் உண்மையைக் கண்டறிதல் அரிது.

முயலின் இனப்பெருக்க வேகம் இச்சிக்கலைப் பன்மடங்காக்குகிறது. கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாட்கள். ஓர் ஈற்றுக்கு ஆறு குட்டிகள், ஆண்டுக்கு ஐந்து ஈற்றுகள் என்று கொண்டால் ஒரு பெண் முயல் ஓராண்டில் 30 குட்டிகளை ஈனும். ஒரு குடும்பம் ஓர் ஆண் முயலையும் இரண்டு பெண் முயல்களையும் வாங்கி வளர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் பிறக்கும் 60 குட்டிகளும் ஒரே தந்தைக்குப் பிறந்தவை. ஆகவே அவற்றுள் எந்த இரண்டை எடுத்தாலும் அவை உடன்பிறப்புகளாகவோ, தந்தைவழி ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளாகவோ இருந்தே தீரும். அவற்றிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அண்டை வீட்டாருக்கு ‘ஜோடி’ என்று விற்கப்படுகின்றன. அவ்வீட்டாரும் அச்சந்ததியிலிருந்து மற்றொருவருக்கு ஜோடி விற்கின்றனர்.

இதன் விளைவைக் கணக்கிட்டுக் காட்டலாம். பிராணியின் இயல்புகளை நிர்ணயிப்பவை ஜீன்கள் எனப்படும் மரபுக் கூறுகள். இவை தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இணைகளாய் வருகின்றன. பெற்றோர் நெருங்கிய உறவினராயின், இவ்விணையின் இரு பகுதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தனவாக அமையும் வாய்ப்பு மிகுகிறது. ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் கூடினால் இவ்வாய்ப்பு நூற்றுக்கு 12.5, உடன்பிறப்புகள் கூடினால் 25. உடன்பிறப்புச் சேர்க்கை தலைமுறைதோறும் தொடர்ந்தால் அடுத்தடுத்து 37.5, 50 என்று இவ்வளவு உயர்கிறது. முயல் சுமார் ஆறு மாதத்தில் இனச்சேர்க்கைக்குத் தகுதி பெறுவதால், ஒரு தலைமுறைக்கு ஏழு மாதமே செல்லும். எனவே, முதல் ஜோடி கூடிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் முடியுமுன்பே பாதி அளவை எட்டிவிடலாம். மாடுகளில் பத்தாண்டுக்கு மேலாகியும் நேராத கேடு, முயலில் இரண்டே ஆண்டுகளில் நேர்ந்துவிடுகிறது.

கேட்டின் அறிகுறிகள் யாவரும் காணத்தக்கவை. ஈற்றுக்குக் குட்டிகள் குறைகின்றன. பிறந்த குட்டிகள் நலிந்து இறக்கின்றன. கால்கள் பக்கவாட்டில் விரிந்து நடக்கமாட்டாத குட்டிகளும், மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் பொருந்தாத குட்டிகளும் தோன்றுகின்றன. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்தாலன்றி அவை நீண்டு, பிராணி உணவு உண்ண இயலாமற் போகும். வளர்ப்போர் இவற்றை நோய் என்றோ, தீவனக் குறை என்றோ, கோடையின் கொடுமை என்றோ எண்ணி மருந்துக்குப் பணம் செலவிடுகின்றனர். உண்மைக் காரணம் அடையாளமின்மையே என்பது அவர்கள் கருத்துக்கு எட்டுவதில்லை.

எந்த அடையாளம் ஏற்றது?

முயலுக்கு அடையாளமிடப் பல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நன்மையும் குறையும் உண்டு.

சாயம் பூசுதல் எளிது. ஆனால் உரோமம் உதிரும்போது சாயமும் மறையும். எனவே சில வாரங்களுக்கு மட்டுமே பயன்படும்.

காதில் உலோக வில்லையோ பிளாஸ்டிக் வில்லையோ மாட்டலாம். முயலின் செவிமடல் மெல்லியது. பின்னங்காலால் சொறியும்போதும், கூண்டின் கம்பியில் சிக்கும்போதும், உடனிருக்கும் முயல் கடித்திழுக்கும்போதும் வில்லை கழன்று செவி கிழிவதுண்டு.

பின்னங்காலில் வளையம் இடுவது பிரிட்டிஷ் முயல் கழகத்தார் கையாளும் முறை. இனத்தின் பருமனுக்கேற்பப் பல அளவுகளில் வளையங்கள் செய்யப்படுகின்றன. இளமையிலேயே வளையத்தைக் காலில் ஏற்றிவிட்டால், கால் பருத்தபின் அது கழலாது. அளவு தவறினாலோ, வளையத்துக்குள் உரோமம் திரண்டாலோ கால் வீங்கி இரத்த ஓட்டம் தடைப்படும். ஆகவே அடிக்கடி சோதித்தல் வேண்டும்.

மின்னணுச் சில்லு மிக நவீனமானது. அரிசி மணியளவுள்ள கண்ணாடிக் குழலில் அடங்கிய இச்சில்லைத் தோள்பட்டைகளுக்கு இடையே தோலின் கீழ் ஊசியால் செலுத்துகின்றனர். சர்வதேசத் தரத்தின்படி அது 15 இலக்கங்கள் கொண்ட எண்ணை உடையது. வீட்டில் ஓரிரு செல்ல முயல்களை வளர்ப்போருக்கு இது சிறந்தது. ஆனால் எண்ணை அறியத் தனிக் கருவி தேவை. அக்கருவி இல்லாத கொட்டகையில் சில்லு இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

செவியில் பச்சை குத்துதல் இவற்றுக்கு இடைப்பட்டது. செலவு குறைவு. வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். கழன்று விழாது. கண்ணால் படிக்கலாம். அமெரிக்காவில் 1910 இல் தோன்றிய முயல் வளர்ப்போர் சங்கம் இதனைக் காட்சிகளுக்கு இன்றியமையாத விதியாக்கியுள்ளது. வளர்ப்பவரின் எண் இடது செவியில் தெளிவாக இல்லாத முயல் அங்கே போட்டியிலிருந்து விலக்கப்படும். வலது செவி சங்கத்தின் பதிவு எண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. அப்பதிவைப் பெற முயலுக்கு ஆறு மாத வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். மூன்று தலைமுறை முன்னோர் விவரமும் தரப்பட வேண்டும். ஜெர்மனியிலோ வலது செவியில் சங்கத்தின் குறியும், இடது செவியில் பிறந்த மாதமும், ஆண்டின் கடைசி இலக்கமும், வரிசை எண்ணும் குத்தப்படுகின்றன. இந்தியப் பண்ணைகளிலும் செவியில் பச்சை குத்துதல் முயலுக்கு ஏற்ற அடையாள முறைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பச்சை அழியாதிருப்பது எவ்வாறு?

பாட்டிமார் கைகளில் கோலமாகவும் பெயராகவும் பச்சை குத்தியிருப்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் கேரள எல்லைப்புறத்திலும் காணலாம். விளக்குக்கரியைக் குழைத்து ஊசியால் குத்திய அந்தக் கறுப்பு மை, தோலின் வழியே நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தெரிவதனாலேயே ‘பச்சை’ எனப் பெயர் பெற்றது. முயலின் செவியில் நிகழ்வதும் இதுவே.

தோல் இரண்டு அடுக்குகளாலானது. மேல்தோல் இடைவிடாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அதில் மட்டும் படிந்த மை சில வாரங்களில் மறைந்துவிடும். உட்தோல் நிலையானது. ஊசிமுனை மேல்தோலைக் கடந்து உட்தோலில் மையைச் சேர்க்கும்போது, அங்குள்ள விழுங்கும் உயிரணுக்கள் மைத்துகள்களை அந்நியப் பொருளென்று கருதி உட்கொள்கின்றன. அத்துகள்களைச் செரிக்கவும் அவற்றால் இயலாது. அவை பெரியனவாதலின் அகற்றவும் இயலாது. இவ்வுயிரணுக்கள் இறக்கும்போது வெளிப்படும் துகள்களைப் புதியவை விழுங்கிக்கொள்கின்றன என்பதைப் பிரான்ஸ் நாட்டு மார்செய் நகர விஞ்ஞானிகள் எலிகளின் வாலில் பச்சை குத்தி ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டனர். ஆக, பச்சை அழியாதிருப்பதற்குக் காரணம் மை ஒரே இடத்தில் உறைந்து கிடப்பதன்று. உயிரணுக்கள் தலைமுறை தலைமுறையாக அதனை ஏந்திக் கொண்டிருப்பதே காரணமாகும்.

இதிலிருந்து செய்முறைக்குரிய இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஊசி உட்தோலை எட்டாவிடில் எண் நில்லாது. மை துளைகளுக்குள் நன்கு தேய்க்கப்படாவிடில் எண் தெளியாது.

செய்முறை

இதற்கென அமைந்த குறட்டின் ஒரு தாடையில் இலக்க அச்சுகளை வரிசையாகப் பொருத்தலாம். ஒவ்வோர் இலக்கமும் சிறிய ஊசிமுனைகளாலானது. அச்சுகளைப் பொருத்தியவுடன் ஒரு தாளில் அழுத்திப் பார்த்தல் அவசியம். இலக்கம் தலைகீழாகவோ இடம் மாறியோ அமைந்திருந்தால் தாளிலேயே தெரிந்துவிடும். செவியில் ஒருமுறை குத்திய தவற்றைத் திருத்தும் வழி கிடையாது.

குட்டிகளைப் பால் மறக்கச் செய்து தாயிடமிருந்து பிரிப்பதற்கு முன்னரே இதனைச் செய்துவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வார வயது ஏற்றது. பிரித்தபின் எண்ணிடலாம் எனத் தாமதிப்பின், எக்குட்டி எத்தாய்க்குரியது என்னும் ஐயம் எழுந்துவிடும்.

முயலை எக்காரணம் கொண்டும் காதைப் பிடித்துத் தூக்கலாகாது. பின்னங்கால்களால் உதைத்துக்கொண்டால் அதன் முதுகெலும்பு முறிந்துவிடவும் கூடும். ஒருவர் முயலைத் துணியில் சுற்றி உடலோடு அணைத்துப் பிடிக்க, மற்றொருவர் செவியைக் கையாளுதல் நலம்.

செவியின் உட்புறத்தில் உரோமம் குறைவு. நடுவே பெரிய தமனி ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது. விளிம்புகளை ஒட்டிச் சிரைகள் செல்கின்றன. செவியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இவை தெளிவாகத் தெரியும். தமனிக்கும் விளிம்புச் சிரைக்கும் இடையேயுள்ள வெற்றிடமே எண்ணுக்குரிய இடம். முயலுக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. உடற்சூட்டைத் தணிப்பதில் செவியின் இரத்தக் குழாய்களே பெரும்பங்கு வகிக்கின்றன. ஆதலின், நல்லேப்பிள்ளி போன்ற வெப்பமான ஊர்களில் இக்குழாய்களைச் சேதப்படுத்தாதிருத்தல் மேலும் முக்கியமாகிறது.

இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, குறட்டை உறுதியாக ஒரே அழுத்தாய் அழுத்தி உடனே விடுவிக்க வேண்டும். தயங்கித் தயங்கி அழுத்தினால் வலி மிகும், எண்ணும் மங்கும். பிறகு பச்சை குத்துவதற்கென விற்கப்படும் மையைத் துளைகளில் படுமாறு சிறு தூரிகையால் நன்கு தேய்க்க வேண்டும். கருஞ்செவியுள்ள இனங்களுக்குக் கறுப்பு மையைக் காட்டிலும் பச்சை மை தெளிவாகத் தெரியும். மேலே சிறிது வாசலைன் தடவி, மீந்த மையைத் துடைக்காமல் விட்டுவிடலாம். இரண்டு மூன்று வாரங்களில் அது தானே உதிர்ந்து எண் வெளிப்படும். சாம்பல் நிறச் செவியில் எண் தெளிவாக இல்லையெனில், செவியின் பின்புறம் மின்கைவிளக்கை வைத்துப் பார்த்தால் இலக்கங்கள் நிழலாய்த் தோன்றும்.

ஒரு முயலுக்கும் அடுத்த முயலுக்கும் இடையே அச்சுகளைக் கிருமி நீக்கம் செய்யாமல் பயன்படுத்தலாகாது. செவிச் சொறி முயல்களில் அடிக்கடி காணப்படும் நோய். அதை உண்டாக்கும் நுண்ணிய உண்ணிகளும், இரத்தத்தின் வழிப் பரவும் கிருமிகளும் கருவியோடு ஒரு செவியிலிருந்து மறு செவிக்குச் செல்லக்கூடும். சொறியுள்ள செவியில் அது குணமாகும்வரை எண்ணிடலாகாது.

வலியைத் தணித்தல்

முயல் பெரும்பாலும் குரல் எழுப்பாத பிராணி. வேட்டையாடும் விலங்குகளுக்கு இரையாகும் இயல்பினதாதலால் வலியை வெளிக்காட்டாது அடங்கியிருக்கும். இதனால் அதற்கு வலியே இல்லை என்று கருதுதல் தவறு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர் குழு ஒன்று 2012 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. மரத்துப்போகச் செய்யும் களிம்பின்றிப் பச்சை குத்தப்பட்ட முயல்கள் திமிறின, குரலெழுப்பின, அவற்றின் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன. லிடோகேயின், பிரிலோகேயின் என்னும் இரு மருந்துகள் சேர்ந்த களிம்பை முன்கூட்டித் தடவியவற்றிலோ, பொய்யாகக் குத்துவதுபோற் செய்த முயல்களில் கண்ட அளவுக்கு மேல் மாறுதல் காணப்படவில்லை.

அவ்வாய்வில் முகக்குறிப்பால் வலியை அளக்கும் முறை ஒன்றும் வகுக்கப்பட்டது. கண் சுருங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்கின் வடிவம் மாறுதல், மீசை உரோமத்தின் நிலை, செவியின் நிலை ஆகிய ஐந்தும் கவனிக்கப்பட வேண்டியவை. களப்பணியாளர் இவ்வைந்தையும் கற்றிருத்தல் நலம். பிற நோய்களிலும் முயலின் துன்பத்தை அறிய இவை பயன்படும். களிம்பைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி, போதிய நேரம் முன்னதாகத் தடவ வேண்டும். முயல்கள் நக்கிவிடாதவாறு பின்னர் துடைத்துவிடுதலும் வேண்டும்.

இனவிருத்தி செய்யாது வீட்டில் தனியே வளரும் ஒரு செல்ல முயலுக்குப் பச்சை குத்த வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. பயனின்றி வலி தருதல் தகாது. விற்பனைக்கும் இனவிருத்திக்கும் காட்சிக்கும் உரிய முயல்களுக்கே இது தேவை.

எண்ணை அமைத்தல்

எண் வெறும் அடையாளமாக நின்றுவிடாமல், செய்தி கூறுவதாகவும் அமைய வேண்டும். ஜெர்மானிய முறையைச் சிறிது மாற்றி நம் கிராமங்களுக்குப் பின்வருமாறு பொருத்திக்கொள்ளலாம்.

வலது செவியில் வளர்க்கும் வீட்டின் எண். இடது செவியில் ஐந்து இலக்கங்கள்: முதலிரண்டு பிறந்த மாதம், மூன்றாவது ஆண்டின் கடைசி இலக்கம், இறுதி இரண்டும் அம்மாதத்தில் அவ்வீட்டில் பிறந்த குட்டிகளின் வரிசை எண். ஆண் குட்டிகளுக்கு ஒற்றை எண்ணும், பெண் குட்டிகளுக்கு இரட்டை எண்ணும் தரலாம். எடுத்துக்காட்டாக, வலது செவியில் 3, இடது செவியில் 02614 என்றிருப்பின், அது மூன்றாம் வீட்டில் 2026 பிப்ரவரியில் பிறந்த பெண் முயல் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

மாதத்தை எப்போதும் இரண்டு இலக்கங்களால் எழுதுதல் வேண்டும். இல்லையேல் ஜனவரியின் 1, நவம்பரின் 11 இரண்டும் மயக்கம் தரும். ஆண்டுக்கு ஓர் இலக்கம் போதுமா என்னும் ஐயம் எழலாம். பத்தாண்டுக்கு ஒருமுறையே அவ்விலக்கம் மீண்டும் வரும். இனவிருத்திக்குரிய முயலைச் சுமார் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆதலின் குழப்பத்துக்கு இடமில்லை.

ஏடும் அதன் பயனும்

பச்சை குத்துவதோடு பணி முடிந்துவிட்டதாகக் கருதினால், செவியிலுள்ள எண் பொருளற்ற கோலமாகிவிடும். எண்ணுக்கு நேரே ஏட்டில் தந்தையின் எண், தாயின் எண், பிறந்த தேதி, உடன்பிறந்தவை எத்தனை, பால் மறந்தபோது உயிரோடிருந்தவை எத்தனை, எடை, கண்ட நோய், யாருக்கு விற்கப்பட்டது என்பவற்றைப் பதிய வேண்டும். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகமே இதற்குப் போதும். செல்லப் பிராணி விற்பனைக் கடைகளைப் பற்றிய மத்திய அரசின் 2018 ஆம் ஆண்டு விதிகள் முயலையும் செல்லப் பிராணிகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளன. ஆகவே கடைகளுக்குக் குட்டி விற்போருக்கும், அவற்றை வாங்கும் கடைக்காரருக்கும் ஒழுங்கான பதிவேடு மிகவும் உதவும்.

இவ்வேட்டைக் கொண்டு உள்ளினச் சேர்க்கையைத் தவிர்க்கும் எளிய திட்டம் ஒன்று உண்டு. மூன்று வீட்டார் ஒன்றுசேர்ந்து, ஒன்றுக்கொன்று உறவில்லாத முயல்களோடு தொடங்குகின்றனர் எனக் கொள்வோம். பெண் குட்டிகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும். இனவிருத்திக்குத் தெரிந்தெடுத்த ஆண் குட்டி முதல் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்கும் செல்லும். தலைமுறைதோறும் இதே வரிசை தொடரும். வலது செவியிலுள்ள ஓர் இலக்கமே இத்திட்டத்தை நடத்தப் போதுமானது. உடன்பிறப்புச் சேர்க்கையில் மூன்றாம் தலைமுறைக் குட்டிகளில் 37.5 ஆக உயரும் அளவு, இத்திட்டத்தின்கீழ் 6.25 அளவிலேயே நிற்கும். இதற்குப் பணச் செலவு இல்லை. தேவைப்படுவது மூன்று வீட்டாரின் ஒற்றுமையும், தவறாத பதிவுமே.

வெப்பத்தைத் தாங்கும் வம்சத்தைத் தெரிவு செய்தலும் இவ்வேட்டாலேயே கைகூடும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பிறந்த ஈற்றுகளைத் தனியே எடுத்து, எந்தத் தாயின் குட்டிகள் மிகுதியாகப் பிழைத்தன, எந்த ஆண் முயல் கோடையிலும் கருவுறச் செய்தது என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்தால், சில ஆண்டுகளில் தாழ்நிலத்துக்கு ஏற்ற முயல்கள் எவை என்பது அனுபவத்தால் தெளியும். ஒரே ஆண்டின் கணக்கை வைத்து முடிவுக்கு வருதல் கூடாது. ஓர் ஈற்றின் நன்மை தற்செயலாகவும் இருக்கலாம்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

குறடும் அச்சுகளும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை. ஓர் ஊராட்சிக்கு ஒரு தொகுதி இருந்தால், குறித்த நாளில் களப்பணியாளர் மேற்பார்வையில் பல வீட்டுக் குட்டிகளுக்கும் எண்ணிடலாம். அவ்வேளையில் குட்டியின் பாலை மீண்டும் சோதித்தறிதல், பற்களைப் பார்த்தல், சொறி உள்ளதா எனக் காணுதல் ஆகியவற்றையும் செய்தால், அடையாள நாளே சுகாதாரப் பரிசோதனை நாளாகவும் பயன்படும். குட்டி வாங்க வருவோர் முதலில் இரண்டு செவிகளையும் பார்த்து, ஏட்டைக் கேட்டு, ஆணும் பெண்ணும் வெவ்வேறு பெற்றோருக்குப் பிறந்தவைதாமா என்று தெளிந்த பின்னரே விலை பேசுமாறு அவர்களுக்கு எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமைகளுள் ஒன்று. வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போர் எழுதத் தொடங்குவர்.

பள்ளி ஆசிரியருக்கு இவ்வேடு ஒரு கருவூலம். மரபியலைக் கரும்பலகையில் மட்டும் கற்ற மாணவர், தம் ஊர் முயல்களின் ஏட்டிலிருந்து மூன்று தலைமுறை வம்ச மரத்தை வரைந்து, வெண்ணிறமும் சாம்பல் நிறமும் எந்த விகிதத்தில் சந்ததிகளில் தோன்றின என்று எண்ணிப் பார்க்கலாம். ஈற்றுக்குச் சராசரிக் குட்டிகள், பிழைத்தவற்றின் விகிதம், மாதவாரியான எடை ஆகியவை கணிதப் பாடத்துக்கும் பொருளாகும். தமிழிலும் மலையாளத்திலும் பயிலும் இவ்வெல்லைப்புற மாணவருக்கு இலக்கங்கள் பொதுமொழி. நல்லேப்பிள்ளியில் விற்ற முயல் பொள்ளாச்சியில் வளர்ந்தாலும், அதன் செவியிலுள்ள எண் அதன் தாயையும் தந்தையையும் பிறந்த மாதத்தையும் தெரிவிக்கும். அதற்குரிய ஏட்டை யாரேனும் ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்திருத்தலே வேண்டும்.